பாரிஸில் பிறந்த நெடும்பயணக் கார்

பாரிஸ் நகரிலே காலையுணவை முடித்துக்கொண்டு காரில் ஏறி, அன்றிரவு மத்தியதரைக் கடலோரத்து நீஸ் நகரிலே சாப்பாட்டு மேசையில் அமர்வது, ஒரு காலத்தில் பிரெஞ்சுச் செல்வர்கள் பெருமையாகப் பேசிக்கொண்ட காரியம். தூரம் ஏறத்தாழ 900 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நேர்கோட்டிலே போய், அங்கிருந்து மீண்டும் பருத்தித்துறைக்கே வந்து சேரும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். இதனை ஒரே பகலிற் கடக்கவேண்டும். கடந்த பின்னும் உடம்பில் அலுப்புத் தோன்றாமல் இறங்கவேண்டும். பெட்டிகள் கூடவே வரவேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு உரத்துக் கத்தாமல் உரையாடவும் முடியவேண்டும். இந்த ஆசைக்கென்றே செய்யப்பட்ட வண்டிகளை ஐரோப்பியர் கிராண்ட் டூரர் என அழைத்தனர். நெடும்பயணக் கார் என்று நாம் அதனைத் தமிழிற் சொல்லிக்கொள்வோம்.

இவ்வகைக் கார்கள் என்றதும் இத்தாலியின் ஃபெராரியும் இங்கிலாந்தின் அஸ்டன் மார்ட்டினுமே பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றின் புகழுக்கு நம் உதவி தேவையில்லை. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது, பெரும் ஆரவாரத்தோடு பிறந்து, ஐந்தே ஆண்டுகளில் மடிந்து, மடிந்த பின் கெட்ட பெயர் சுமந்து, நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு காரை. அதன் பெயர் சித்ரோயென் எஸ்.எம். அதனை விரும்பி வாங்கியோர் என்ன பெற்றனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதே நம் விசாரணை.

நெடும்பயணக் கார் செய்வது பிரான்சுக்குப் புதிய கலையன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் புகாட்டி, டெலாஹே, டால்போ முதலிய பெயர்கள் உலகெங்கும் மதிக்கப்பட்டன. போர் முடிந்தபின் நாட்டை மீளக் கட்டவேண்டியிருந்த அரசாங்கம், பெரிய எஞ்சின் பூட்டிய கார்களின்மேற் கடும் வரி விதித்தது. வாங்குவோர் குறைந்தனர். டெலாஹே 1954 இல் மறைந்தது. டால்போவை 1950களின் இறுதியில் சிம்கா கம்பெனி விழுங்கிற்று. அமெரிக்க எஞ்சினைப் பூட்டி அழகிய கார்களைச் செய்த ஃபாசெல் வேகா என்னும் நிறுவனமொன்று தோன்றிப் பத்தாண்டு வாழ்ந்து 1964 இல் மூடப்பட்டது. நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் அல்பேர் கமுய் 1960 ஜனவரி 4 ஆம் நாள் உயிர்நீத்தது இந்த ஃபாசெல் வேகா கார் ஒன்றிலேதான். ஆக, 1960களின் நடுப்பகுதியில் உலகின் மிகச் சிறந்த நெடுஞ்சாலைகளுள் சிலவற்றைக் கொண்டிருந்த நாட்டிலே, அந்தச் சாலைகளுக்கேற்ற பெரிய உள்நாட்டுக் கார் ஒன்றேனும் இல்லை என்ற நிலை வந்துற்றது.

இந்தக் குறையை நிரப்ப முன்வந்த சித்ரோயென் கம்பெனியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளவேண்டும். நிறுவனர் அந்திரே சித்ரோயென் துணிவுக்குப் பெயர்போனவர். அந்தத் துணிவே அவர் கம்பெனியை 1934 இல் முறித்தது. மறு ஆண்டு அவரும் மறைந்தார். கம்பெனி மிச்லின் ரயர்க் கம்பெனியாரின் கைக்குப் போயிற்று. ஆயினும் பிறர் செய்வதைச் செய்யாதிருத்தல் என்னும் பிடிவாதம் அங்கே எஞ்சி நின்றது. 1955 இல் அவர்கள் வெளியிட்ட டி.எஸ். என்ற கார் அதற்குச் சான்று. அதற்குச் சுருள்வில் இல்லை, வில்லுத்தகடும் இல்லை. ஒவ்வொரு சில்லுக்கும் ஓர் இரும்புக் கோளம். அதனுள்ளே அடைத்த நைதரசன் வாயு. அந்த வாயுவை அழுத்தும் எண்ணெய். வாயு வில்லின் வேலையைச் செய்யும். எண்ணெய் உயரத்தைக் காக்கும். நால்வர் ஏறினாலும் கார் தாழாது. இதனை ஆக்கியவர் போல் மாஜே என்னும் பொறியியலாளர்.

எஸ்.எம். காரைப் புரிந்துகொள்ள இந்த எண்ணெயை மறவாதிருத்தல் நன்று. எஞ்சின் சுழற்றும் ஒரேயொரு பம்ப், பச்சை நிறமான தாது எண்ணெயைப் பேரழுத்தத்தோடு குழாய்களிற் செலுத்துகிறது. காரைத் தாங்குவதும் அந்த எண்ணெயே. பிறேக் பிடிப்பதும் அதுவே. ஸ்டியரிங்கைத் திருப்புவதும் அந்த எண்ணெய் அழுத்தத்தின் வேலைதான். உடலில் இரத்தம்போல என்று சொன்னால் மிகையாகாது. இரத்தத்தில் நோய் வந்தால் எல்லா உறுப்புக்கும் வரும் என்பதையும் அதே உவமை சொல்லிவிடுகிறது.

சித்ரோயென்னிடம் சுகமான கார் இருந்தது. வலிமையான எஞ்சின் இல்லை. இத்தாலியின் மொடேனா நகரத்து மசராட்டி கம்பெனியிடம் எஞ்சின் இருந்தது, பணம் இல்லை. 1968 இல் முன்னது பின்னதைத் தன் ஆளுகைக்குள் எடுத்துக்கொண்டது. மசராட்டியின் தலைமைப் பொறியியலாளர் யூலியோ அல்ஃபியேரியிடம் ஆறு உருளைகள் கொண்ட எஞ்சின் ஒன்று கேட்கப்பட்டது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பிரெஞ்சு வரிச் சட்டத்தின் கொடிய படிக்குள் அது விழுந்துவிடக் கூடாது. அதனாலேயே எஞ்சினின் கொள்ளளவு 2,670 கனசென்ரிமீற்றரில் நின்றது. மற்றவர்கள் நான்கு, ஐந்து லீற்றர் எஞ்சின்களோடு ஓடிய அரங்கிலே இந்தக் கார் 170 குதிரைவலுவோடு இறங்கிற்று. வரி அதிகாரியின் எழுதுகோலும் ஒரு காரை வடிவமைப்பதிற் பங்கு கொள்ளும் என்பது வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்கது.

1970 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் எஸ்.எம். திரைநீக்கம் பெற்றது. ரொபேர் ஒப்ரோன் வகுத்த அதன் உருவம் இன்றும் பார்ப்பவரை நிறுத்தும். முன்புறம் அகன்று, பின்புறம் ஒடுங்கி, நீர்த்துளி ஒன்று கிடையாக ஓடுவதுபோல் இருக்கும். முன்சில்லுகளின் இடைவெளி பின்சில்லுகளின் இடைவெளியைவிட 20 சென்ரிமீற்றர் அதிகம். முகத்திலே கண்ணாடிக்குப் பின்னே ஆறு விளக்குகள். உள்ளிருக்கும் இரண்டு, ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும் பக்கம் தாமும் திரும்பும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்பதை வளைவுக்குள் நுழையுமுன்னரே காட்டிவிடும். விலை, அதே கம்பெனியின் டி.எஸ். காரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு.

ஸ்டியரிங்கைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு சுற்று, அவ்வளவுதான். கார் நிற்கும்போது விரலாற் திருப்பலாம். வேகம் ஏற ஏற அது தானாக இறுகும். கையை விட்டால், நின்றுகொண்டிருக்கும் காரிலும் சில்லுகள் தாமாகவே நேருக்கு வந்துவிடும். பிறேக்குக்கு வழக்கமான மிதி இல்லை. தரையிலே காளான் தலைபோன்ற ஒரு றப்பர்க் குமிழ். அதனை மிதிக்கும் ஆழமன்று, அழுத்தும் அளவே கணக்கு. பழக்கமில்லாதவர் முதல் நாளில் திருப்பத்திற் கூடுதலாகத் திருப்புவர். பிறேக்கிற் கூடுதலாக அழுத்துவர். உள்ளிருப்போர் முன்னே சாய்வர். கார் முரடானதென்று முடிவு கட்டிவிட்டு இறங்கினோர் பலர். சில நாள் பொறுத்தவரோ வேறு எந்தக் காரும் தமக்குக் கனமாகவும் மந்தமாகவும் தோன்றுகிறதென்பர். இந்தக் காரின் கவர்ச்சி முழுவதும் இந்த இரண்டாவது வாரத்திலேதான் இருக்கிறது என்பேன். கண்காட்சி மண்டபத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பவருக்கு அது அகப்படாது.

மணிக்கு 220 கிலோமீற்றர் வேகத்தை அது எட்டும். அந்நாளில் முன்சில்லுகள் இழுக்கும் கார் ஒன்று அவ்வேகத்தில் அமைதியாக ஓடியது வியப்பு. 1971 இல் மொறொக்கோப் பாலைவனப் பந்தயத்தில் முதலிடம் பெற்றது. 1972 இல் அமெரிக்காவின் மோட்டர் ட்ரெண்ட் பத்திரிகை, வெளிநாட்டுக் காராயினும் அதனையே அவ்வாண்டின் காராகத் தெரிந்தெடுத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் பிரான்சுக்கு வந்தபோது, ஜனாதிபதி பொம்பிடூ அவரை அழைத்துச் சென்றது ஆன்றி சப்ரோன் என்னும் கைவினைஞரின் பட்டறை மேற்கூரை நீக்கி நீட்டிக் கட்டிய எஸ்.எம். காரிலேதான். ஒரு காருக்கு இதனினும் மேலான பெருமை வேறென்ன வேண்டும்?

ஆனால் எண்கள் வேறு கதை சொல்லின. 1971 இல் 4,988 கார்கள் செய்யப்பட்டன. அடுத்த ஆண்டு 4,036. அதற்கடுத்த ஆண்டு 2,619. அதாவது, எண்ணெய் நெருக்கடி வருமுன்னரே சரிவு தொடங்கிவிட்டது. 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கிலே போர் மூண்டு பெற்றோல் விலை விண்ணை எட்டியதே எஸ்.எம். காரைக் கொன்றது என்று எழுதுவோர் இவ்வெண்களைப் பார்ப்பதில்லை. நெருக்கடி குற்றுயிராய்க் கிடந்ததை முடித்துவைத்தது, அவ்வளவே. விரைந்து ஓட்டினால் 100 கிலோமீற்றருக்கு 15 லீற்றருக்கு மேற் குடிக்கும் காரை அப்பொழுது யார் வாங்குவர்? அதே குளிர்காலத்தில் பிரெஞ்சு அரசாங்கம் நெடுஞ்சாலைகளுக்கு வேக எல்லை வகுத்தது. 1974 இன் இறுதியில் அது மணிக்கு 130 கிலோமீற்றர் என நிலைபெற்றது. 220 இல் ஓடப் பிறந்த கார் 130 இல் நின்றது. அமெரிக்காவோ பம்பர்களின் உயரம் மாறாதிருக்கவேண்டும் எனச் சட்டம் செய்தது. தானே எழுந்து தானே தாழும் கார் அந்தச் சட்டத்துக்குள் எப்படி அடங்கும்? அந்தச் சந்தையும் அடைபட்டது.

1974 இல் 294 கார்கள். 1975 இல் 115. கடைசிக் கார்களைச் சித்ரோயென் தானே பொருத்தவுமில்லை. விஷி நகருக்கு அருகில் லிஜியே என்னும் சிறு தொழிற்சாலையிற் பொருத்துவித்தது. கம்பெனியின் கடன் பெருகிப் பேஜோவின் நிழலுக்குள் அது போயிற்று. பேஜோவினர் கணக்குப் புத்தகம் பார்ப்பவர், எஸ்.எம். நின்றது. மசராட்டி கைவிடப்பட்டு 1975 ஆகஸ்டில் டி டொமாசோ என்பாரிடம் போய்ச் சேர்ந்தது. மொத்தம் செய்யப்பட்டவை 12,920 கார்கள். அவை பிறந்த ஜாவெல் துறைத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று அந்திரே சித்ரோயென் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது.

நேயர்களே, காரின் கதை இங்கே முடிந்தது. காரை வைத்திருந்தவரின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

செய்தவன் கைவிட்ட பொருளின் விலை சடுதியில் வீழும். எஸ்.எம். காரின் விலையும் வீழ்ந்தது. முன்பு ஜனாதிபதிக்கும் நடிகருக்கும் உரியதாயிருந்தது, சாதாரணச் சம்பளக்காரருக்கும் எட்டுவதாயிற்று. வாங்கினவர் மகிழ்ந்தார். ஆனால் காரின் விலைதான் வீழ்ந்ததேயன்றி, அதனைப் பேணும் செலவு வீழவில்லை. சங்கிலிக்கும் வால்வுக்கும் அந்தக் காரின் விலை குறைந்துவிட்டதென்பது தெரியாது. அவற்றை மாற்றும் கூலி, மாளிகை வாசலில் நின்ற காருக்கு என்னவோ, பழைய கார் வியாபாரியின் முற்றத்தில் மழையில் நனைந்த காருக்கும் அதுவே. எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் செலவு காரின் விலையையும் விஞ்சத் தொடங்கியது. அந்நிலையில் அறிவுள்ளவர் எவரும் திருத்த வேலை செய்விக்கமாட்டார், ஓடும்வரை ஓட்டுவார். திருத்தாது ஓட்டிய கார் நடுவழியில் உடையும். உடைந்ததைக் கண்டவர் பழுதான கார் என்று தூற்றுவர். தூற்றத் தூற்ற விலை இன்னும் வீழும். விலை வீழ வீழத் திருத்துவோர் இன்னும் அருகுவர். குறைவாக மதிக்கப்படும் பொருள் மலிவாகக் கிடைப்பதை நாம் பேறு என்று எண்ணுகிறோம். அந்த மலிவே அதன் யமன்.

கெட்ட பெயருக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மசராட்டி எஞ்சினில் உண்மையான ஒரு குறை இருந்தது. அதன் நான்கு கேம் தண்டுகளையும் இயக்கும் விசை, நடுவிலே கிடக்கும் துணைத்தண்டு ஒன்றின் வழியாகப் போகிறது. அந்தத் துணைத்தண்டைச் சுழற்றுவது ஒரு சங்கிலி. அத்தோடு விட்டிருந்தால் குற்றமில்லை. எண்ணெய்ப் பம்ப், மின்பிறப்பாக்கி, குளிரூட்டியின் அமுக்கி ஆகிய அனைத்தையும் அதே துணைத்தண்டின் தலையிலே சுமத்திவிட்டனர். குளிரூட்டியை முடுக்கும் ஒவ்வொரு முறையும் சங்கிலி வெடுக்கென்று இழுபடும். நாளடைவில் நீளும். நீண்டதை இறுக்காது விட்டால் ஒரு நாள் பல் தாண்டும். வால்வு பிஸ்டனில் மோதும். எஞ்சின் அத்துடன் சரி. குறித்த காலத்தில் சங்கிலியைப் பார்த்து இறுக்கியிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது. யார் பார்ப்பது?

இங்கேதான் மிகப் பெரிய இடர். சித்ரோயென் கராஜ்காரருக்குப் பச்சை எண்ணெயின் போக்குகள் அத்துபடி. மூன்று இரட்டைக் காபரேற்றர்களைக் கொண்ட இத்தாலிய எஞ்சினைக் கண்டால் அவர் கை நடுங்கும். மசராட்டி வல்லுநருக்கு எஞ்சின் கைவந்தது. கோளமும் குழாயும் கண்டால் விலகி நிற்பார். முன்சில்லுகளின் பிறேக்குகளோ சில்லோடு இல்லாமல் உள்ளே கியர்ப் பெட்டியோடு ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றை அணுகுவதே ஒரு நாள் வேலை. ஒரே காருக்கு இரண்டு வைத்தியர் வேண்டும். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நம் வீதிகளில் இன்றும் காண்கின்ற மொரிஸ் மைனர் காரை மாமர நிழலிலே ஒரு சாவிப்பெட்டியோடு திருத்திவிடுகிறார்கள். அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் அதன் உயர்வன்று. அதை அறிந்த கைகள் ஊர்தோறும் இருந்தமை. எஸ்.எம். காருக்கு வேண்டியிருந்த கைகள் பன்னிரண்டாயிரம் கார்களுக்காகப் பயின்றவை. உற்பத்தி நின்றதும் அந்தக் கைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டன.

அழிந்துபோயிருக்கவேண்டிய காரைக் காத்தவர்கள் பணக்காரச் சேகரிப்பாளரல்லர். அவர்கள் அப்பொழுது அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிரான்சிலும் ஒல்லாந்திலும் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும், விலை தெரியாமல் அன்றி, விலை தெரிந்தே அதனை வைத்திருந்த சிலரும், இரண்டு வைத்தியத்தையும் ஒருசேரக் கற்ற விரல்விட்டு எண்ணத்தக்க மெக்கானிக்குகளுமே காத்தவர்கள். சங்கிலியை இறுக்குவதற்கு மேலான கருவிகளை அவர்களே செய்துகொண்டனர். சோடியம் நிரப்பிய பழைய வால்வுகளின் தலை முறிந்து விழுவதைக் கண்டு, திண்ணிய வால்வுகளை வார்ப்பித்துப் பூட்டினர். குளிரூட்டியின் அமுக்கிக்கு இலேசானதொன்றைத் தெரிந்தனர். ஆக, இன்று நன்றாகப் பேணப்பட்ட எஸ்.எம். ஒன்று, 1971 இல் தொழிற்சாலையை விட்டு வந்ததைவிட நம்பத்தக்கது. இதனைச் செய்தவர் ஒருவரும் சித்ரோயென்னின் சம்பளம் பெறவில்லை.

விலையும் மெல்ல ஏறியிருக்கிறது. ஆயினும் அதே மசராட்டி கம்பெனி அதே ஆண்டுகளில் தன் சொந்தப் பெயரில் விற்ற கிப்லி காரின் விலையோடு ஒப்பிட்டால் எஸ்.எம். காரின் விலை இன்றும் ஒரு பங்குதான். அழகிலும் அறிவிலும் குறைந்ததால் அல்ல. பந்தயக் கார்ப் பெயர் ஒட்டிய இத்தாலியப் பொருளுக்குக் கொடுக்கும் பணத்தை, குடும்பக் கார் செய்யும் கம்பெனியின் இலச்சினை பொறித்த பொருளுக்குக் கொடுக்க மனிதர் தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்தின் பயன் ஒன்று உண்டு: இந்தக் காரை வாங்குவோர் பெரும்பாலும் அதனை ஓட்டுவதற்கென்றே வாங்குகின்றனர். ஓட்டாது வைத்தால் கோளங்களில் வாயு மெல்லக் கசியும், றப்பர் வளையங்கள் காயும், உருளைகள் துருவேறும். தொட்டிலில் இட்டு வைக்கத்தக்க பிள்ளையன்று அது. ஓட்டினாலோ, 90 லீற்றர்த் தாங்கி வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

அனுபவமுள்ள ஒருவர் இத்தகைய காரொன்றை வாங்கப் போனால் வண்ணத்தையும் தோலிருக்கையையும் பிற்பாடே பார்ப்பார். முதலிற் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை முடுக்குவிப்பார். இரவெல்லாம் தரையோடு படிந்து கிடந்த கார், உறங்கிய மிருகம் எழுவதுபோல் மெல்ல எழுந்து நிற்கும். பின்னர் எஞ்சின் மூடியைத் திறந்து, பேசாமல் காது கொடுத்து நிற்பார். சங்கிலி சலசலக்கிறதா என்று ஒரு செவி. எண்ணெய் அழுத்தத்தைக் காக்கும் கருவி ‘டிக்’ என்று எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஒலிக்கிறதென்று மறு செவி. அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒலித்தால் கோளத்தில் வாயு இருக்கிறது. இரண்டு மூன்று விநாடிக்கொருமுறை ஒலித்தால், கேட்ட விலையிலிருந்து எவ்வளவு குறைக்கச் சொல்வது என்று அவர் மனத்துக்குள்ளே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.